முதல் பருவம் முடியட்டும்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மிட்வெஸ்ட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எந்தப் பாடம் எடுப்பது, எதை விடுவது, ஜிபிஏ (நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) சரிந்துவிட்டால் எப்படி மீள்வது என்று வரும் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பதால் பெற்றோர் பலர் பழக்கம். மே மாதம் பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரி என்று முடிவானதும் ஒரு கேள்வி வர ஆரம்பிக்கும். "ஃப்ராட்டர்னிட்டியில சேரணும்ங்கிறான், விடலாமாங்க?" "சொராரிட்டி ரஷ்ஷாம், கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வரச் சொல்றாங்களாம். என்னங்க அது?"

கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் வீடுகளில் இதற்கு இரண்டு விதமான பதில்தான் கேட்கிறேன். ஒன்று, "அதெல்லாம் குடிக்கிற கூட்டம், அந்தப் பேச்சே எடுக்காதே." இன்னொன்று, "பெரிய இடத்துப் பழக்கம் கிடைக்கும், வேலைக்கு உதவும், சேர்ந்துக்கோ." இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை ஆசைப்பட்டால் சேரட்டும். ஆனால் கல்லூரிக்குப் போன முதல் பருவத்திலேயே வேண்டாம். சேருவதற்கு முன்னால் அந்தச் சாப்டரின், அதாவது வளாகக் கிளையின், மதிப்பெண் அறிக்கை, தொண்டுக் கணக்கு, ஹேஸிங் (புதியவர்களைத் துன்புறுத்துவது) அறிக்கை மூன்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் படித்துவிடுங்கள். இதைவிட முக்கியமாக, என்ன ஆனாலும் உங்களுக்கு போன் செய்யத் தயங்காத நிலையில் பிள்ளையை வைத்திருங்கள்.

இந்த அமைப்புகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் அமைப்புகள் இவை. ஆண்களுடையது ஃப்ராட்டர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. தேசிய அளவில் ஒரு தலைமையகம், வளாகத்துக்கு வளாகம் ஒரு சாப்டர். ரஷ் என்பது ஆள் சேர்க்கும் நாட்கள். பிடித்துப்போனால் பிட் கொடுப்பார்கள், அதாவது சேர அழைப்பு. அதை ஏற்றுக்கொண்ட பிள்ளை சில வாரங்கள் புது உறுப்பினராக இருக்கும். அதன் பிறகுதான் முழு உறுப்பினர். பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை கட்டணம் உண்டு. சாப்டரின் வீட்டிலேயே தங்கினால் அது தனி.

தொடக்கத்தில் இவை கூத்தடிக்கும் கூட்டங்களாக இல்லை. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா, மாணவர்கள் கூடி விவாதிக்கும் ரகசியச் சங்கமாகத்தான் ஆரம்பித்தது. இன்று அது நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பு. 1825இல் யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா வந்தது. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். அங்கே கறுப்பின மாணவர்கள் சிலர் படிப்பைத் தொடர முடியாமல் அடுத்த ஆண்டு திரும்பி வராமலே போயிருந்தார்கள். மிச்சம் இருப்பவர்களாவது சேர்ந்து உட்கார்ந்து படிப்போம், ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருப்போம் என்ற தவிப்பில் பிறந்தது அது. மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் அதில்தான் உறுப்பினரானார். படிப்பைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு ஃப்ராட்டர்னிட்டி பிறந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் படிப்பு. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் இந்த அமைப்புகளின் மதிப்பெண் அறிக்கையை இணையத்தில் போடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'கிரீக் கிரேட் ரிப்போர்ட்' என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். எல்லா ஆண் மாணவர்களின் சராசரி, ஃப்ராட்டர்னிட்டிகளின் சராசரி, எல்லாப் பெண்களின் சராசரி, சொராரிட்டிகளின் சராசரி, அதன்கீழ் ஒவ்வொரு சாப்டரும் வரிசையாக. நல்ல அறிக்கை என்றால் ஒவ்வொரு சாப்டருக்கும் எதிரே உறுப்பினர் எண்ணிக்கை, சாப்டர் ஜிபிஏ, புது உறுப்பினர் ஜிபிஏ என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்.

"எங்கள் சராசரி வளாகச் சராசரியைவிட உயர்வு" என்று ரஷ் மேசையில் துண்டுத்தாள் கொடுப்பார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த வரியை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சேரவே குறைந்தபட்ச ஜிபிஏ கேட்கிறார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களின் சராசரியை எல்லோருடைய சராசரியோடும் ஒப்பிட்டால் உயர்வாகத்தான் வரும். அப்புறம், பெண்களின் சராசரி பொதுவாகவே ஆண்களைவிட உயர்வு. அதனால் சொராரிட்டியை எல்லாப் பெண்களோடும், ஃப்ராட்டர்னிட்டியை எல்லா ஆண்களோடும் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் பல வளாகங்களில் சொராரிட்டிகள் பெண்கள் சராசரிக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கின்றன. ஃப்ராட்டர்னிட்டிகள் ஆண்கள் சராசரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கின்றன.

சேராமல் இருந்திருந்தால் இதே பிள்ளைகள் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் பதிவேடுகளை வைத்துப் பொருளியலாளர்கள் இருவர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குறைந்தபட்ச ஜிபிஏ கோட்டை ஒட்டிக் கொஞ்சம் மேலே நின்றவர்களையும், அதே கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்று சேர முடியாமல் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே தரத்துப் பிள்ளைகள். சேர்ந்தவர்களின் மதிப்பெண் இறங்கியிருந்தது. திட்டவிலக்கக் கணக்கில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவில்) 0.1 முதல் 0.3 வரை. இறங்கியது பெரும்பள்ளத்துக்கு அல்ல. ஆனால் சேர்ந்ததால் இறங்கியது என்பது தெளிவாக இருந்தது. பின்னாளில் சம்பளம் கூடியதற்கான தடயம் எதுவும் அதில் கிடைக்கவில்லை. வடகிழக்கில் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை வைத்து நடந்த வேறோர் ஆய்விலோ, ஃப்ராட்டர்னிட்டி உறுப்பினர்களின் ஜிபிஏ சுமார் 0.25 குறைந்திருந்தாலும் பின்னாளைய வருமானம் சுமார் 36 சதவீதம் கூடியிருந்தது. ஆக, 'பழக்கம் கிடைக்கும், வேலைக்கு உதவும்' என்பதில் ஆய்வுகளே ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. மதிப்பெண் குறைகிறது என்பதில் இரண்டும் ஒரே பக்கம்தான்.

என் அறையில் நான் பார்ப்பதும் இதுதான். அக்டோபர் கடைசியில், இடைத்தேர்வு மதிப்பெண் வந்ததும், முதலாண்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். வேதியியலில் 58, கால்குலஸில் 61. பள்ளியில் எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பிள்ளை. எவ்வளவு நேரம் படிக்கிறாய் என்று கேட்டால், சாப்டர் விதிப்படி வாரத்துக்கு இத்தனை மணி நேரம் நூலகத்தில் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்கிறது. சரி, நல்லதுதானே என்று மேலும் விசாரித்தால் மெல்ல மெல்ல வெளியே வரும். நூலக மேசையில் விரித்து வைத்திருப்பது வேதியியல் புத்தகம்தான். ஆனால் மனப்பாடம் செய்வது அமைப்பைத் தொடங்கியவர்களின் பெயர்களை, அது தொடங்கிய நாளை, மூத்த உறுப்பினர் அறுபது பேரின் சொந்த ஊரையும் பாடப்பிரிவையும். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும், யாரையாவது காரில் கொண்டுபோய் விட வேண்டும். காலை எட்டு மணி வகுப்பில் தூக்கம். பிள்ளை சோம்பேறி இல்லை. வாரத்துக்கு இருபது மணி நேரம் உழைக்கிறது. அந்த உழைப்பு போகும் இடம்தான் வேறு.

இதில் ஒரு கணக்கைப் பெற்றோர் போட்டுப் பார்ப்பதே இல்லை. பருவத்துக்கு 15 கிரெடிட் (பாட அலகு), நாலு வருடத்துக்கு 120. முதல் பருவத்தில் 2.6 வாங்கிய பிள்ளை திருந்தி, மீதி ஏழு பருவமும் விடாமல் 3.8 வாங்குகிறது என்று வையுங்கள். முடிவில் கிடைப்பது 3.65. அந்த ஒரு பருவம் கடைசிவரை கூடவே வரும். எம்.டி. என்கிற மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பத்தில், கோட்டைவிட்ட பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும் பழைய மதிப்பெண்ணும் சேர்த்தே கணக்கிடப்படும். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் ப்ரீ-மெட், அதாவது மருத்துவப் படிப்புக்குத் தயாராகிறவர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டை விட்டு வந்த முதல் பருவத்தில் துணி துவைப்பதிலிருந்து தூங்கும் நேரம் வரை எல்லாமே பிள்ளைக்குப் புதுசு. அதன் மேலே புது உறுப்பினர் வாரங்களையும் ஏற்றாதீர்கள் என்பதால்தான் முதல் பருவம் முடியட்டும் என்கிறேன். வேண்டர்பில்ட், வர்ஜீனியா போன்ற பல்கலைக்கழகங்கள் முதலாண்டுப் பிள்ளைகளை இரண்டாம் பருவத்தில்தான் சேர்க்கவே விடுகின்றன. அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சொராரிட்டி ரஷ் ஆகஸ்ட்டில், வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கிறது. அங்கே போகும் பிள்ளைக்கு 'இப்போது விட்டால் போச்சு' என்ற பதற்றம் இருக்கும். அந்தப் பதற்றத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடத் தங்கும் தோழி உள்ளே போய்விட்டால் வெளியே நிற்கும் பிள்ளைக்கு வலிக்கும். அதே வளாகத்தில் ஜனவரியில் சேர்க்கிற சாப்டர்கள் உண்டா, இரண்டாம் ஆண்டில் எடுக்கிறார்களா என்று ஜூலையிலேயே விசாரித்து வைத்தால் அந்தப் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது தொண்டு. இங்கே நான் மனதாரப் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃப்ராட்டர்னிட்டி மாணவர்கள் 1973இல் ஒரு நடன மாரத்தானை ஆரம்பித்தார்கள். 'தான்' (THON) என்று பெயர். பிப்ரவரியில் ஒரு வார இறுதியில் 46 மணி நேரம் உட்காராமல், தூங்காமல் நின்று ஆடுவார்கள். திரட்டும் பணம் 1977லிருந்து ஃபோர் டயமண்ட்ஸ் அமைப்புக்குப் போகிறது. ஹெர்ஷி நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, காப்பீடு தராத செலவை அது ஏற்றுக்கொள்கிறது. வளாகத்தின் மற்ற மாணவர் அமைப்புகளும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் திரட்டுகிறார்கள். குழந்தைக்குப் புற்றுநோய் என்று கேட்ட அன்றே கையிருப்பை எண்ணிப் பார்க்க வேண்டிய பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இப்போது அதே பென் ஸ்டேட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, அங்கே பீட்டா தீட்டா பை சாப்டரில் புது உறுப்பினர்களை வரவேற்கும் நிகழ்ச்சி. மது கூடாது என்று விதி இருந்த வீடு அது. அந்த இரவு புதியவர்களை வரிசையாகக் குடிக்க வைத்தார்கள். 19 வயது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் மாடிப்படியில் உருண்டு விழுந்தார். உள்ளே ரத்தக்கசிவு. சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் சுமார் பன்னிரண்டு மணி நேரம் யாரும் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கவில்லை. 4ஆம் தேதி அவர் இறந்துபோனார். இரண்டு வாரம் கழித்து, அதே மாதத்தில், அதே வளாகத்தில் அந்த 'தான்' நடன மாரத்தான் நடந்தது. 1 கோடி டாலருக்கு மேல் திரண்டது.

முன்பின் தெரியாத குழந்தைகளுக்காக 46 மணி நேரம் கால் கடுக்க நிற்க முடிந்த அதே மாணவர் உலகத்தில்தான், கண்முன்னே கிடந்த தோழனுக்காக ஒரு போன் போட யாரும் இல்லாமல் போனார்கள். இரண்டுமே உண்மை. அதனால்தான் "இவ்வளவு தொண்டு செய்கிறார்களே, நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்" என்று திரட்டிய தொகையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பணம் திரட்டுவது ஒரு பயிற்சி. பக்கத்தில் இருப்பவனைக் கவனிப்பது வேறு பயிற்சி. சாப்டருக்குச் சாப்டர் இரண்டாவது இருக்கிறதா இல்லையா என்பது மாறும்.

தொண்டுக் கணக்கைப் படிக்கும்போது பணம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பேன்கேக் காலை உணவு, டீ-ஷர்ட் விற்பனை என்று நடத்திப் பணத்தை ஒரு தேசிய நிறுவனத்துக்கு அனுப்புவது ஒரு வகை. அதுவும் தேவைதான். ஆனால் வாரா வாரம் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் போய், வாசிக்கத் திணறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காருவது இன்னொரு வகை. பிள்ளையை ஆளாக்குவது இரண்டாவதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். சாப்டர் தலைவரிடம் உங்கள் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: போன மாதம் நீங்கள் நேரில் போய் உதவியவர்கள் யார்? நல்ல சாப்டர் என்றால் பதில் உடனே வரும், பெயர் சொல்லியே வரும்.

இந்த இரண்டாம் வகைக்கு அருமையான முன்னோடிகள் உண்டு. ஸ்மோக்கி மலைக்கு விடுமுறைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. கேட்லின்பர்க் நகரின் பிரதான சாலையிலேயே ஏரோமாண்ட் என்ற கைவினைப் பள்ளி இருக்கிறது. அதன் வேர் ஒரு சொராரிட்டியில். மலைவாசிகளின் பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி இல்லாத காலத்தில், 1912இல் பை பீட்டா ஃபை பெண்கள் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியின் வழியில் வந்ததுதான் ஏரோமாண்ட். அடுத்த முறை போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கமலா ஹாரிஸ் வெற்றி பெற வேண்டும் என்று துளசேந்திரபுரம் கோயிலில் பூஜை நடந்ததைப் படித்திருப்பீர்கள். அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சொராரிட்டி ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908இல் அங்கேயே தோன்றியது. அந்தப் பெண்கள் 1935லிருந்து 1942 வரை கோடைதோறும் மிசிசிப்பிக்குப் போனார்கள். டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில் மருத்துவர்கள், செவிலியர், ஆசிரியைகள். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுத ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு மருத்துவமனை வாசலே தெரியாது. அவர்களால் வர முடியவில்லை என்றதும் இவர்கள் தங்கள் கார்களில் மருந்தையும் ஊசியையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பெரியம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள். பட்டம் வாங்கிப் போன பிறகும் உறுப்பினராகவே தொடர்ந்து தொண்டு செய்வது கறுப்பின சொராரிட்டி, ஃப்ராட்டர்னிட்டிகளின் வழக்கம். (அவற்றிலும் ஹேஸிங் வழக்குகள் வந்திருக்கின்றன. எந்த வரலாறும் இன்றைய சாப்டருக்குச் சான்றிதழ் ஆகாது.)

மூன்றாவது, ஹேஸிங். புதியவர்களைச் சேர்க்கிற பெயரில் அவமானப்படுத்துவது, அடிப்பது, தூங்க விடாமல் வைப்பது, குடிக்க வைப்பது. நம் ஊர் ராகிங் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும்: ராகிங் கேட்டு வருவதில்லை. ஹேஸிங்கில் பிள்ளை சேர ஆசைப்பட்டுத்தான் வாய் மூடித் தாங்கிக்கொள்கிறது.

பென் ஸ்டேட் மரணத்துக்குப் பிறகு, இறந்த மாணவரின் பெயரிலேயே பென்சில்வேனியா 2018இல் கடும் சட்டம் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான ஹேஸிங் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. கல்லூரிகள் தங்கள் வளாகத்தில் எந்த அமைப்பு ஹேஸிங் செய்து பிடிபட்டது, எப்போது, என்ன தண்டனை என்று பெயரோடு பொது இணையதளத்தில் வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும் என்கிறது அது. முன்பெல்லாம் பெற்றோருக்கு இது எட்டாக்கனி. இப்போது ஒரு தேடலில் கிடைக்கும். தயவுசெய்து பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு சாப்டரை நம்பிவிட வேண்டாம். பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

'நம்மவர்கள் நடத்துகிற ஃப்ராட்தானே, பயமில்லை' என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். 1990களிலிருந்து தெற்காசிய மாணவர்கள் தங்களுக்கென்று அமைப்புகள் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்டினில் டெல்ட்டா எப்சிலான் சை, ஹியூஸ்டனில் டெல்ட்டா ஃபை ஒமேகா, இரண்டுமே 1998இல் தோன்றியவை. முகம், பெயர், சாப்பாடு எதையும் விளக்கத் தேவையில்லாத இடம் ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் 2013 டிசம்பரில், நியூயார்க் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர், பென்சில்வேனியாவின் பொக்கோனோ மலைப்பகுதியில் வாடகை வீட்டில் நடந்த சேர்க்கைச் சடங்கில் அடிபட்டு இறந்தார். அது பை டெல்ட்டா சை, ஆசிய அமெரிக்க மாணவர்களின் ஃப்ராட்டர்னிட்டி. அந்த மாநிலத்தில் பத்து ஆண்டுகள் இயங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. நம்மைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகள்தான் அங்கே இருந்தார்கள். 'நம்மவர்' என்பதால் கேள்வி கேட்காமல் விடாதீர்கள்.

அதே நேரம், தெற்காசிய அமைப்புகளால் மட்டுமே நன்றாகச் செய்ய முடிகிற ஒரு தொண்டு இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு எலும்பு மஜ்ஜை தானம் கிடைக்க, பெரும்பாலும் அதே வம்சாவளியில்தான் பொருத்தமானவர் அமைவார். அமெரிக்க தேசியப் பதிவேட்டில் வெள்ளையருக்குப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 79 சதவீதம் என்றால், ஆசிய வம்சாவளியினருக்கு 47 தான். பதிந்தவர்கள் குறைவு என்பது முக்கியக் காரணம். எங்கள் வளாகத்தில் தெற்காசிய சொராரிட்டிப் பெண்கள் மாணவர் மையத்தின் வாசலில் மேசை போட்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். வருபவரிடம் பஞ்சுக்குச்சியைக் கொடுத்து, கன்னத்தின் உட்புறத்தில் தேய்க்கச் சொல்லி, உறையில் போட்டு ஒட்டுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பெண்கள் அதோடு விடுவதில்லை. "கூப்பிட்டால் பின்வாங்கக் கூடாது, வீட்டில் பேசிவிட்டுப் பதியுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்கள். ஏனென்றால் பதிந்துவிட்டு, அழைப்பு வரும்போது அம்மா பயப்படுகிறார் என்று மறுப்பவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பெண்களின் தாய்மார்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் மகள் செய்வது உயிர் காக்கிற வேலை என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

சரி, கடைசியாக நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 18 வயதாகிவிட்ட பிள்ளையின் மதிப்பெண்ணை, பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உங்களிடம் சொல்லாது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை மாணவர் கையில் கொடுத்துவிட்டது. சில சமயம் பெற்றோர் தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்பார்கள். பிள்ளை அன்று காலைதான் என் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கும். என்னால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிற பேச்சு மட்டும்தான். வேறு வழியே கிடையாது.

'சேர்ந்தால் ஃபீஸ் கட்ட மாட்டேன்' என்று ஒரேயடியாக மறுத்த வீடுகளில் பிள்ளை சேராமல் இருப்பதில்லை. உங்களுக்குத் தெரியாமல் சேர்கிறது. கட்டணத்துக்கு உணவகத்தில் வேலை பார்க்கிறது. டி-ஷர்ட்டை ஊருக்கு வரும்போது நண்பன் அறையில் விட்டுவிட்டு வருகிறது. அப்புறம் ஒரு ராத்திரி, பயமுறுத்துகிற ஏதோ ஒன்று நடக்கும்போது, வீட்டுக்கு போன் செய்தால் முதலில் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, போனைக் கீழே வைத்துவிடுகிறது. ஹேஸிங் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட பிள்ளைதான் வசதி. வீட்டில் மறைப்பவன் வெளியிலும் மறைப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் ஆகஸ்ட்டில் பெட்டி கட்டும்போது, பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும், இதை உங்கள் வாயால் சொல்லுங்கள்: "நீ எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், குடித்திருந்தாலும், எத்தனை மணி ஆனாலும் கூப்பிடு. அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். கூட இருப்பவன் விழுந்து கிடந்தால் எங்களுக்கு முன்னால் 911ஐக் கூப்பிடு." ஆபத்தில் உதவிக்கு அழைத்தவரைக் குடித்ததற்காகத் தண்டிக்காத சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது, அதையும் சொல்லி அனுப்புங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். நம் வீடுகளில் இந்தப் பேச்சுக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் சொல்லுங்கள்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் பள்ளி முடித்த பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அதே நாளில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பேச்சாளர் யாரும் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளில் ஃப்ராட்டர்னிட்டி, சொராரிட்டியில் இருக்கும் இரண்டு பேர், சேர்ந்துவிட்டுப் பாதியில் வெளியே வந்த ஒருவர் இருந்தால் அவர், இவர்களை உட்கார வையுங்கள். பெற்றோர் கேட்கட்டும், திட்டாமல் கேட்கட்டும். திரையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் அறிக்கையையும் ஹேஸிங் அறிக்கையையும் எப்படித் தேடி எடுப்பது என்று காட்டுங்கள். புது உறுப்பினர் ஜிபிஏ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். சங்க விழா மண்டப வாசலில் ஒரு மஜ்ஜைப் பதிவு மேசைக்கும் இடம் கொடுங்கள், அருகிலுள்ள கல்லூரியின் தெற்காசிய சாப்டரைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் வரும் ஜூன் மாதம் இதை நடத்தக் கேட்டிருக்கிறேன். வேறு ஊர்ச் சங்கங்கள் அழைத்தால் ஜூம் வழியாக வந்து அறிக்கைகளைப் படிக்கும் முறையைச் சொல்லித்தர நான் தயார். ஜூலைக்குள் சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ரஷ் தொடங்கிவிடும்.

அன்புடன்,
மிட்வெஸ்ட்டிலிருந்து ஒரு கல்வி ஆலோசகர்